நான் ஏரியை மூடினேன், அத்தை கதவை மூடினார்

இலையின் ஓரத்தில் இரண்டு துண்டு வறுவல் விழுந்தது. மிளகாய்த்தூள் சிவக்கச் சிவக்கப் பூசி, ஓரமெல்லாம் முறுகி, எண்ணெய் இன்னும் அதன்மேல் பொரிந்துகொண்டிருந்தது. நான் கையை மடியிலேயே மடக்கி வைத்துக்கொண்டேன்.

மீன் வறுவலைப் பார்த்து எவனாவது கையை மடக்கி வைத்துக்கொள்வானா என்று கேட்பீர்கள். அன்று ஆடிப் பதினெட்டு. கல்யாணமாகி வந்த முதல் ஆடி. மாமனார் வீட்டு விருந்து. ஆடி பிறந்ததிலிருந்து அந்த ஊர் ஏரியில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று புது விதி வந்திருந்தது. அந்த விதியை ஊர் நடுவில் நின்று உரக்கப் படித்த மீன்துறை ஆள் நான்தான்.

"சாப்பிடுங்க மாப்ள. ஆறிப்போனா நல்லா இருக்காது" என்றார் என் மாமனார் மாதையன். அந்த ஏரியின் மீனவர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

பந்தியில் இருந்த பங்காளிகள் எல்லாருமே சங்கத்து ஆட்கள். ஒருத்தரும் தன் இலையைத் தொடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்தால் பெண்டாட்டி போச்சு, தின்றால் வேலை போச்சு. கடைசியில் கடமை ஜெயித்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஜெயித்தது மாமனார் மீது இருந்த பயம். ஒரு விள்ளல் பிட்டு வாயில் வைத்தேன்.

சேனைக்கிழங்கு.

பந்தி முழுக்க வெடித்துச் சிரித்தது. அடுப்படியிலிருந்து வளையல் சத்தத்தோடு ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டது. அது என் மனைவி காவேரி. கட்டிக்கொண்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆனாலும் அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும்.

"கெண்டைத் தலைங்க, மாப்பிள்ளைக்குன்னே எடுத்து வச்சேன்" என்று அத்தை, அதாவது என் மாமியார், குழம்பிலிருந்து ஒன்றை எடுத்துச் சோற்றின்மேல் வைத்தார். அது காம்போடு கிடந்த முழுக் கத்தரிக்காய்.

கொக்கு மேல் யார் கேஸ் போடுவது?

இந்த வேலைக்கு நான் வந்த கதையை இதே பத்திரிகையில் முன்பே எழுதிவிட்டேன். வந்து சேர்ந்தபோது ஏரி மீனுக்கு விதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இருந்த விதியும் எங்கள் ஆபீஸ் பீரோவுக்கு மட்டும்தான் தெரியும். வலை வைத்திருந்தவன் வலை போட்டான், இல்லாதவன் பழைய சேலையைப் போட்டான். சிலர் கொசுவலையைக்கூட விட்டுவைக்கவில்லை. கண் திறக்காத குஞ்செல்லாம் கருவாடாகிச் சந்தைக்குப் போனது.

எண்பதுகளின் நடுவில்தான் விதிகளை மாற்றினார்கள். இரண்டு விரல் நுழையாத கண்ணுள்ள வலையைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. மீன் சினை கட்டி முட்டை விடும் காலத்தில், அதாவது ஆடி பிறந்ததிலிருந்து ஆவணி கடைசி வாரம் வரை, ஏரியையே மூடிவிட வேண்டும். நல்ல விதி. இன்றைக்குக் கேட்டாலும் நல்ல விதி என்றுதான் சொல்வேன். அதை என் மாமனார் ஊர் ஏரியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டாம் என்பது மட்டும்தான் என் வருத்தம்.

"வேற ஏரிக்கு என்னைப் போடுங்க சார்" என்று மேலதிகாரியிடம் கெஞ்சினேன்.

"சொந்தக்காரங்க இருக்கற எடம், நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். அவருக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

ஊர், சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருந்தது. அரூரில் பஸ் மாறிப் போக வேண்டும். ஆனி மாதத்தில் ஒரு காலை, சங்கக் கட்டடத்துக்கு முன்னால் நின்று விதியைப் படித்தேன். படித்து முடித்ததும் கேள்விகள் வந்தன.

"வலை போடக் கூடாது, சரிங்க. தூண்டிலு?"

"அதுவும் கூடாது."

"ஏரி கோடி போயி, மீனு நெல்லு வயலுக்குள்ள பூந்துட்டா?" ஏரி நிரம்பி வழியும் இடத்தை அங்கே கோடி என்பார்கள்.

"திருப்பி ஏரியில விட்ரணும்."

"கொக்கு புடிக்குதுங்களே, அதுமேல யாரு கேஸ் போடறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் பதில் சொன்னார். "ஏம்ப்பா, கொக்கு நம்ம சங்கத்துல மெம்பரா? மெம்பருக்குத்தான சட்டம். சும்மா மாப்பிள்ளையக் கலாய்க்காதீங்க."

அவர் எனக்கு ஆதரவாகப் பேசுகிறார் என்று அப்போது சந்தோஷப்பட்டேன். கலாய்க்கும் உரிமையைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார் என்பது ஆடிப் பதினெட்டு இலையில்தான் புரிந்தது.

முதல் மீன் சினை

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஊர் முழுக்க உண்டா என்று எனக்குத் தெரியாது. அத்தைக்கு அது உலகம் முழுக்க உண்டு என்று நினைப்பு.

ஆடியில் மலைமேல் மழை பெய்தால் ஓடை வழியாகப் புதுத்தண்ணீர் ஏரிக்கு வரும். செம்மண் கரைந்து டீ நிறத்தில் வரும். அந்த வாசனை பட்டதும் கெண்டைகள் கிறுக்குப் பிடித்தவை மாதிரி தண்ணீரை எதிர்த்து ஓடையில் ஏறும். வயிறு நிறையச் சினை இருக்கும். அப்படி ஏறும் முதல் மீனைப் பிடித்து, சினையை மஞ்சளும் உப்பும் போட்டு வதக்கி, அம்மா தன் கையால் புதுப்பெண்ணுக்கு ஒரு வாய் ஊட்ட வேண்டும். ஊட்டினால் வயிறு திறக்கும். ஊட்டிய பிறகுதான் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

படித்தவர்கள் சிரிக்கலாம், நானும் மனசுக்குள் சிரித்தேன். ஆனால் அத்தை சிரிக்க முடியாத ஒரு காரணம் அந்த வீட்டில் இருந்தது. காவேரியின் அக்கா மாதம்மாளைக் கட்டிக்கொடுத்த வருஷம் மழையே இல்லை. ஏரி காய்ந்து மாடு மேய்ந்தது. முதல் மீனும் இல்லை, சினையும் இல்லை. சும்மா அனுப்பிவைத்தார்கள். வருஷங்கள் போயும் மாதம்மாளுக்குக் குழந்தை இல்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வந்தால் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.

அதற்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை என்று அத்தையிடம் யார் சொல்வது? ஒரு மகள் அழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் தாயிடம் அறிவியல் பேச எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் வராது.

ஆக, நிலைமை இதுதான். மீன் ஜோடி சேரட்டும் என்று அரசாங்கம் ஆடியில் ஏரியை மூடியது. புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் ஜோடி சேரக் கூடாது என்று நம் பெரியவர்கள் அதே ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன்.

தலையாட்டினேன்

சேனைக்கிழங்கு விருந்துக்குத் திரும்புவோம். கை கழுவிய பிறகு மாமனார் என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"மாப்ள, ஓடையில மீனு ஏறிக்கிட்டுதான் இருக்குது. ஒரே ஒரு மீனு. நீங்க அந்தப் பக்கம் திரும்பி ஒரு பீடி பத்த வச்சீங்கன்னா போதும்."

"நான் பீடி குடிக்கறதில்லீங்க மாமா."

"தெரியும். அதான் பிரச்சனையே."

அதற்கு முந்தின வாரம்தான் சின்னக் கண் வலை ஒன்றைப் பறிமுதல் செய்திருந்தேன். அது மாமனாரின் தம்பியுடையது. அவர் வலையைப் பிடுங்கிவிட்டு, எனக்கென்று ஒரு மீனை விட்டுக்கொடுத்தால் அந்த ஊரில் நான் எந்த முகத்தோடு நடப்பேன்? அதைச் சொன்னேன். மாமனார் கொஞ்ச நேரம் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"அதுவும் சரிதாங்க" என்றார். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அத்தை எடுத்தார். வாசல்படியில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னார்.

"ஒருத்திய வெறும் வயித்தோட அனுப்பிட்டு நான் படறது போதும். இவள அப்பிடி அனுப்ப மாட்டன். உங்க சட்டத்தையும் நான் தடுக்கல. ஏரி என்னிக்குத் தொறக்குதோ அன்னிக்கு மொத மீனு சினைய ஊட்டி, உங்ககூட அனுப்பறன். அதுவரைக்கும் எம்பொண்ணு எங்க வூட்லயே இருக்கட்டும்."

ஆவணி பிறந்ததும் பெண்டாட்டியைக் கூட்டிப்போகலாம் என்று தருமபுரியில் வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தவன் நான். இருந்தாலும் நியாயமாகத்தான் பட்டது. சரி என்று தலையாட்டினேன்.

மீனின் வாழ்க்கையைப் படித்துப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவன், ஒரு நொடிகூட யோசிக்காமல் தலையாட்டினேன்.

சேலத்திலிருந்து வந்த பெட்டி

ஆவணி ஒரு வழியாக நகர்ந்தது. ஏரியைப் பார்வையிட வாரம் தவறாமல் போனேன். அந்த மாவட்டத்திலேயே அவ்வளவு நன்றாகக் கண்காணிக்கப்பட்ட ஏரி வேறொன்று கிடையாது. மேலதிகாரி என்னைப் பாராட்டினார்.

காவேரி கரைக்கு மோர் கொண்டுவருவாள். பின்னாலேயே ஒரு பங்காளி வீட்டுப் பெண்ணை அத்தை துணைக்கு அனுப்பியிருப்பார். நாங்கள் ஏரியைப் பற்றித்தான் பேச முடியும்.

"தண்ணி ஏறியிருக்குது போல" என்பேன்.

"ஏறியிருக்குதுங்க" என்பாள். "தொறக்கறதுக்கு இன்னும் நாளு கெடக்குது."

ஒருநாள் துணைக்கு வந்தவள் ஆட்டுக்குட்டியை விரட்டிப் போன நேரத்தில், "கிளம்பி வந்துடேன்" என்று கேட்டுவிட்டேன்.

"எங்கம்மா பயத்த மிதிச்சிட்டு நான் வரமாட்டன்" என்றாள். "நீங்க உங்க சட்டத்த மிதிச்சிட்டு வந்தீங்கன்னா அதுவும் எனக்குப் புடிக்காது. ரெண்டு பேரும் ஒழுங்கா இருப்போம். மோரு உப்பு சரியா இருக்குதா?"

உப்பு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அந்தக் கரையை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை.

அந்த ஏக்கத்தில்தான் ஒரு காரியம் செய்தேன். சேலத்துக்குப் போய், கடல் மீன் சினை வாங்கி, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து பஸ் ஏறினேன். கடலுக்கு எங்கள் ஏரி விதி கிடையாது. அரூர் வருவதற்குள் ஐஸ் கரைந்து பஸ்ஸுக்குள் ஓடியது. முன் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னைத் திட்டிய திட்டை எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சடிக்காது. கண்டக்டர் என்னையும் பெட்டியையும் கடைசிப் படிக்கு அனுப்பினார்.

அத்தை பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"உப்புத் தண்ணி மீனா? எம்பொண்ணு என்ன கடலுக்குள்ளயா குடும்பம் நடத்தப்போறா?"

பூனைக்கு அன்று விருந்து.

இன்னொரு தடவை ஜிலேபி மீனைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். அது வருஷம் முழுக்க முட்டை விடும், பக்கத்துத் தனியார் குட்டையில் கிடைக்கும், குட்டைக்கு இந்த விதி இல்லை.

"அது முட்டைய வாயிலயே வச்சிக்கிட்டுத் திரியற மீனு" என்றார் அத்தை. "அதத் தின்னுட்டு எம்பொண்ணு வாயத் தொறக்காம இருந்தா, உங்க வூட்ல அவளுக்காக யாரு பேசறது?"

ஜிலேபி வாயில்தான் குஞ்சு பொரிக்கும், அது உண்மை. காவேரி வாய் திறக்காமல் இருப்பாள் என்ற கவலைதான் தேவையில்லாதது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதற்கு அறிகுறியே தெரியவில்லை.

ஏரி திறந்த நாள்

ஆவணி கடைசி வாரம் ஏரியைத் திறந்தோம். ஊரே கரையில் நின்றது. காரணம் உண்டு. புரட்டாசி பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் பாதி வீடுகளில் கவுச்சி ஏறாது. அத்தை வீட்டில் மீன்சட்டியையே பரணில் ஏற்றிவிடுவார்கள். இந்த வாரத்தை விட்டால் அடுத்தது ஐப்பசிதான்.

நான் புதுச்சட்டை போட்டுப் போயிருந்தேன். காவேரியின் துணிப்பை வாசலிலேயே கட்டித் தயாராக இருந்தது. அரூரிலிருந்து மீன் வாங்க வந்த கரீம் பாய் தராசோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். விதிப்படி இரண்டு விரல் நுழையும் வலையைச் சங்கத்து ஆட்கள் இறக்கினார்கள். முதல் இழுப்பிலேயே கை வலிக்கும் அளவுக்கு மீன். அவ்வளவு மீனை அந்த ஏரியில் பல வருஷமாகப் பார்த்ததில்லை என்று மாமனாரே சொன்னார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பெரிய கெண்டையாக ஒன்றைப் பொறுக்கி மாமனார் கொடுக்க, அத்தை கரையிலேயே அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தார். சாம்பல் தேய்த்துச் செதிள் எடுத்தார். சாமி கும்பிட்டு வயிற்றைக் கீறினார்.

குடல் வந்தது. ஈரல் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"ஆம்பள மீனு போல" என்றார் அத்தை. அடுத்ததைக் கொடுத்தார்கள். அதுவும் காலி. அடுத்ததும் காலி. கரீம் பாய் தராசை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். மீன் மேல் மீனாக அறுபட்டது. சாம்பல் தீர்ந்து வேறு சாம்பல் வந்தது. ஒரு கடுகளவு சினை கிடையாது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முட்டை விட்டு முடிக்கட்டும் என்றுதானே ஏரியை மூடினோம்! முடித்துவிட்டன. விதி வேலை செய்திருக்கிறது. அத்தை கேட்ட சினை, ஏரி மூடியிருந்தபோது மட்டுமே இருந்த சரக்கு.

"என்னங்கம்மா இது" என்றார் கரீம் பாய் மெதுவாக. "ஆவணி கடைசியில கெண்டைக்கு ஏது சினை? உங்களுக்குத் தெரியாததா?"

அத்தை அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தார். "மீனு புடிக்கற தேதியத் தள்ளி வச்சாங்கல்ல? அப்ப மீனும் தள்ளி வச்சிக்கும்னுல்ல நெனச்சேன். மீனுக்கு யாரும் சொல்லலியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமேன்னு நெனச்சேன் அத்தை" என்றேன்.

"படிச்ச மாப்பிள்ளை தலையாட்டறாரே, ஏதோ வழி இருக்குதாட்ட இருக்குதுன்னு நானும் சும்மா இருந்துட்டன்" என்றார் மாமனார்.

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அத்தையின் கை ரத்தமும் சாம்பலுமாக மடியில் கிடந்தது. கண் நிறைந்துவிட்டது. "இவளுக்கும் இல்லாமப் போச்சே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாதம்மாளை நினைத்துத்தான் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

என் மனைவியையும் என் வீட்டையும் நான் அப்போது நினைக்கவே இல்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காவேரி செருப்பைக் கழற்றினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால் நனையும் வரை போய்க் குனிந்து பார்த்தாள். அவள் காலைச் சுற்றிப் பொடிப்பொடியாக என்னவோ அசைந்தது.

"ம்மா, இங்க வந்து பாரு."

அத்தை எழுந்து போனார். நானும் போனேன். கரையோரம் முழுக்கக் கெண்டைக் குஞ்சுகள். நெல்மணி அளவுதான் இருக்கும். தண்ணீர் தெரியாத அளவுக்கு இருந்தன.

"சினையெல்லாம் எங்கயும் போயிடல. ஏரியில விட்டு வச்சிருக்குதுங்க" என்றாள் காவேரி. "ஒரு மீனு சினை எனக்கெதுக்கு? மொத்த ஏரியும் இருக்குது. உங்கையால ஊட்டு."

அத்தை மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைத் தண்ணீரில் அலசினார். குஞ்சு வந்துவிடாமல் பார்த்துப் பார்த்து ஒரு கை தண்ணீரை அள்ளி மகள் வாயில் ஊற்றினார். காவேரி கண்ணை மூடி விழுங்கினாள்.

"போதும். பஸ்ஸு வந்துடும்" என்று கரையேறினாள்.

நாலடி நடந்திருப்பாள். அத்தை பின்னாலிருந்து பதறிக் கூப்பிட்டார்.

"அடியே! மொத்த ஏரியும்னு சொல்லிட்டியே! இத்தன புள்ளைக்கு நான் எங்கடி போயித் தூளி கட்டறது?"

அழுத கண்ணோடு அவரே முதலில் சிரித்தார். அடக்கி வைத்திருந்த கரை மொத்தமும் அதன்பிறகுதான் சிரித்தது. கரீம் பாய் எங்கள் பைக்குள் வாழையிலையில் சுற்றி இரண்டு கெண்டையைத் திணித்தார்.

அரூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் காவேரிக்கு இடம் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டும் வரை தலையை நீட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரி மறைந்ததும் உட்கார்ந்தாள். சேலை ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

"சட்டம் நல்ல சட்டந்தாங்க. மீனு நெறய இருக்குது" என்றாள்.

அந்த ஒரு பாராட்டுக்காக எத்தனை ஆடி வேண்டுமானாலும் மூடலாம் போல இருந்தது. "ஆமா, அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் நாள் நீட்டிக்கலாம்னு எழுதிப்போடப் போறேன்" என்றேன் பெருமையாக.

காவேரி சட்டென்று திரும்பினாள். பஸ் என்றும் பார்க்காமல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தைரியம் இருந்தா எழுதுங்க. இந்தத் தடவயே இன்னும் ஒரு வாரம் மூடி வச்சிருந்தீங்கன்னா, நானே ராத்திரியோட ராத்திரியா திருட்டு வலை போட்டு உங்ககிட்ட மாட்டிக்கிட்டிருப்பேன்."